தொப்பூர் ஏற்றம்

நல்லம்பள்ளி,
9 ஜூன் 2025

முனிராஜ் அவர்களுக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. காரை விற்கப்போகிறேன். அதைச் சொல்லத்தான்.

தீர்ப்பு வந்துவிட்டதால் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஆர்.சி. என் பெயரில் இருப்பதால் நான்தான் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. மெக்கானிக் ஜாவீத் அண்ணன் புது பேட்டரி மாட்டி, பழைய பெட்ரோலை மாற்றி, ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். என் தம்பி அருள் போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பெற்ற மகனை மோதிக் கொன்ற வண்டி வாசலில் நின்றால் ஒரு தாய்க்குச் சோறு எப்படி இறங்கும்? சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்கிறாள்.

பாப்பாரப்பட்டியிலிருந்து அப்துல்லா என்று ஒரு புளி வியாபாரி வந்து ஓட்டிப் பார்த்தார். நம் தெரு மேட்டைக்கூட ஏறவில்லை. "இஞ்சின்தான் கத்துது, வண்டி நவரமாட்டேங்குதுங்க. கிளட்ச் போயிருச்சு. அத மாத்திக் குடுத்தீங்கன்னா எடுத்துக்கறேன்" என்றார். மாற்றிக் கொடுக்கப்போகிறேன். இன்னொரு சாவியும் வேண்டும் என்கிறார். அதை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் எழுதவும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜெயிலிலிருந்து நீங்கள் போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்று வக்கீலிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். இனியும் எடுக்கமாட்டேன்.

கோகிலவாணி


சேலம் சிறை,
16 ஜூன் 2025

கோகிலா,

சாவி அரிசி டிரம்மில் இருக்கிறது. அடிவரை கையை விட்டுத் தேடு. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். தீர்ப்புச் சொன்ன அன்று நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நடந்ததை நான் சொல்லி நீ ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. இப்போதாவது படி. படித்துவிட்டுக் கிழித்து எறிந்தாலும் சரி.

அன்று சேலம் மார்க்கெட்டில் பூ மூட்டைகளை இறக்கிவிட்டு நானும் அருளும் காலி வண்டியில் திரும்பினோம். கிளட்ச் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் பாதி தாண்டியதும் வண்டி இழுக்கவே இல்லை. "நான் எறங்கி நடக்கறேன் மச்சான், கனம் கொறையட்டும். மேல வந்து ஏறிக்கறேன்" என்று சொல்லி அருள் இறங்கினான். ஓரமாக எனக்கு முன்னால் நடந்து போனான். நான் ஆக்சிலேட்டரைத் தரை தொடும்வரை அழுத்தினேன். இஞ்சின் அலறியது, வண்டி ஊர்ந்தது. ஏற்றம் கொஞ்சம் தணிந்த இடத்தில் கிளட்ச் சட்டென்று பிடித்துக்கொண்டது. உடனே காலை எடுத்தேன். காலை எடுத்த பிறகும் இஞ்சின் வேகம் இறங்கவில்லை கோகிலா. யாரோ இன்னொருவர் மிதித்துக்கொண்டிருப்பது மாதிரி வண்டி பாய்ந்தது. வலது பக்கம் லாரி. இடது பக்கம் ஒடித்தேன். பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன். நிற்கவில்லை. அங்கே அருள் இருந்தான். அவனையும் சேர்த்துத் தடுப்புச்சுவரில் மோதிய பிறகுதான் இஞ்சின் அணைந்தது.

வண்டியைச் சோதிக்க வந்தவர் சமதரையில் நாலு அடி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழுது ஏதும் இல்லை என்று எழுதிவிட்டார். வண்டி சூடாகி, ஏற்றத்தில், முழு ஆக்சிலேட்டரில் என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மேல்முறையீட்டில் எனக்கு இருக்கிற சாட்சி அந்த வண்டி ஒன்றுதான். அதை விற்றுவிடாதே. ஜாவீத்தை ஒருமுறை பார்க்கச் சொல்.

கிளட்ச் அப்படித் தேய்ந்ததற்குக் காரணம் அருள் எந்நேரமும் அதன்மேல் இடது காலை வைத்தபடியே ஓட்டியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

முனிராஜ்


நல்லம்பள்ளி,
20 ஜூன் 2025

முனிராஜ் அவர்களுக்கு,

குறையாகச் சொல்லவில்லையாம்! செத்துப்போனவன் காலையும் இழுத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா? பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அத்தனை சின்ன வண்டியில் செண்டுமல்லி மூட்டைகளைக் கூரை முட்டத் திணித்துத் தினமும் சேலத்துக்கு ஓட்டினீர்களே, அதில் தேயாத கிளட்சா என் தம்பியின் ஒரு காலில் தேய்ந்துவிட்டது?

அன்று அடிவாரத்து ஓட்டலில் சாப்பிடும்போது நாலு பேர் கேட்க அவனிடம் என்ன சொன்னீர்கள்? நானே எழுதுகிறேன். "இனிமே கிளட்ச் மேல கால வெச்சீன்னா கொன்னுடுவேன்டா." ஓட்டல்கார அம்மா சுகுணா கோர்ட்டில் வந்து அதைச் சொன்னபோது நீங்கள் மறுக்கவில்லை. அந்தச் சொல்லின் ஈரம் காய்வதற்குள் அவன் செத்துப்போனான். இதில் நான் எதை முழுதாகக் கேட்க வேண்டும்?

உங்கள் கோபம் எனக்குத் தெரியாதா? அருளுக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து, உள்ளே இருக்கிற கண்ணாடியில் கட்டினாள். அதைக்கூட விட்டு வைக்கவில்லையே நீங்கள். "கண்ணாடியில எதையும் தொங்கவுடாதீங்க, ரோடு மறைக்குது" என்று தெருவே கேட்கக் கத்தினீர்கள். அருள் அதை அவிழ்த்துக்கொண்டு போனான். சாமி முடிச்சை அவிழ்த்த வண்டி, அது எப்படி விளங்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்லி அழுகிறாள்.

சாவி கிடைத்தது.

கோகிலவாணி


சேலம் சிறை,
25 ஜூன் 2025

கோகிலா,

சொன்னேன். கொன்னுடுவேன் என்று சொன்னேன். நம் பக்கத்தில் பால் குடிக்காத பிள்ளையைக்கூட அப்படித்தான் மிரட்டுகிறோம். அந்த வார்த்தைக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது கோர்ட்டில்தான் எனக்குத் தெரிந்தது. முடிச்சுக்காகக் கத்தியதும் உண்மை. அவன் தலையைக் குனிந்துகொண்டு அதை அவிழ்த்தது இங்கே எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மூட்டை ஏற்றியதில்தான் கிளட்ச் போனது என்றால் அப்படியே இருக்கட்டும். அதற்கு நான் சண்டை போடவில்லை. எனக்காக எதுவும் செய்யவும் வேண்டாம். ஆனால் அப்துல்லா என்பவரைப் பற்றி நினைத்துப் பார்த்தாயா? அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஒருநாள் அவரும் அந்த ஏற்றத்தில் போவார். ஒருவனை விழுங்கிய வண்டியை நோய் என்னவென்று தெரியாமலே இன்னொருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தப்போகிறாய்.

இங்கே ஒரு பழைய லாரி டிரைவர் இருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இருந்தியா? சாவியத் திருப்பி இஞ்சின அணைச்சிருக்கலாமேப்பா. உருவுனா ஸ்டியரிங் பூட்டிக்கும், திருப்புனாப் போதும்" என்றார். எனக்கு அது தோன்றவில்லை கோகிலா. சாவி என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, எனக்குத் தோன்றவில்லை. வாங்குகிறவரிடம் இதை மட்டுமாவது சொல்லிக் கொடு. நீ ஓட்டினாலும் இதை நினைவில் வை.

முனிராஜ்


நல்லம்பள்ளி,
1 ஜூலை 2025

முனிராஜ் அவர்களுக்கு,

அப்துல்லாவுக்கு மூன்று பெண் குழந்தைகள். கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு வண்டியை அப்படியே தூக்கிக் கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

ஜாவீத் அண்ணனின் ஷெட்டில் விட்டுக் கிளட்ச் பிளேட் முழு செட்டும் மாற்றியாயிற்று. பழைய பிளேட்டைக் காட்டினார், கரி பிடித்த தோசை மாதிரி இருந்தது. ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் எண்ணெய் விட்டுப் பார்த்தார். "இழுக்குது, வுடுது. நல்லாத்தாம்மா இருக்குது" என்றார். ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு தொப்பூர்வரை இறங்கித் திரும்பி ஏறினேன். என் வாழ்நாளில் அந்த ஏற்றத்தில் நான் வண்டி ஓட்டியதில்லை. அருள் விழுந்த இடத்தில் சுவர் பூசின சிமெண்டு மட்டும் தனியாக வெளுத்துத் தெரிகிறது. கை நடுங்க நடுங்க ஓட்டினேன். வண்டி பூப்போல ஏறியது. காலை எடுத்தால் அடங்குகிறது. எதுவும் ஒட்டவில்லை.

போகும்போது எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். நீங்கள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால், என் புருஷன் என் தம்பியைக் கொல்லவில்லை என்று ஒரு வாய் சோறாவது நிம்மதியாகத் தின்னலாமே என்று இருந்தது. அதையும் நீங்கள் பொய்யாக்கிவிட்டீர்கள். மாதக் கடைசியில் வண்டியைக் கொடுத்துவிடுவேன்.

கோகிலவாணி


சேலம் சிறை,
5 ஜூலை 2025

கோகிலா,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தரை தொடும்வரை அழுத்தினாயா?

கை நடுங்க ஓட்டியவள் முழு ஆக்சிலேட்டர் கொடுத்திருக்க மாட்டாய். புது கிளட்ச்சுக்கு அது தேவையும் இல்லை. பயந்து பயந்து பாதி மிதித்துவிட்டு என்னைப் பொய்யன் என்கிறாய். நீயே சொல், இது நியாயமா?

இனி நான் இதைப் பற்றி எழுதப்போவதில்லை. இங்கே எனக்குச் சமையல்கட்டில் வேலை போட்டிருக்கிறார்கள். சோறு வடிக்கிறேன். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன்.

முனிராஜ்


நல்லம்பள்ளி,
11 ஜூலை 2025

மாமா,

நீங்கள் சொன்னது நிஜம்.

நேற்று அம்மாவின் முட்டிவலிக்குச் சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாததால்தான் அந்த வண்டியில் ஏறவே சம்மதித்தாள். தொப்பூர் ஏற்றம் வந்ததும் சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முன்னால் ஒரு லாரி திணறிக்கொண்டு போனது, பின்னால் ஒருவன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. லாரியைத் தாண்டத் தரை தொடும்வரை அழுத்தினேன். தாண்டிய பிறகு காலை எடுத்தேன். இஞ்சின் இறங்கவில்லை மாமா. பிரேக்கை மிதித்தால் நாற்றம் வருகிறதே தவிர வண்டி நிற்கவில்லை. உங்கள் கடிதம் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பினேன். சுவரை உரசுகிற மாதிரி போய் நின்றது. அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் நானும் அம்மாவும் இன்று இல்லை. காலை எடுத்த பிறகும் பாய்கிற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது என்ன என்று எனக்கு இப்போது தெரியும்.

போன் செய்ததும் ஜாவீத் அண்ணன் பைக்கில் ஓடி வந்தார். பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். ஆக்சிலேட்டர் கேபிள் இஞ்சினில் போய்ச் சேருகிற இடத்தில், கிரீஸில் கறுத்துப்போன சின்ன மூட்டை ஒன்று கட்டியிருந்தது. அம்மாவின் மஞ்சள் முடிச்சு. கண்ணாடியிலிருந்து எடுக்கச் சொன்னீர்கள் இல்லையா, அருளுக்கு அதைத் தூர எறிய மனசு வரவில்லை போலிருக்கிறது. உங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உள்ளே கட்டிவிட்டிருக்கிறான்.

கொஞ்சமாக அழுத்தினால் அதனால் ஒன்றும் ஆவதில்லை. முழுக்க அழுத்தினால் முடிச்சு நழுவி, கேபிள் இழுக்கிற லீவருக்குப் பின்னால் போய்விடுகிறது. கதவுக்கு அடியில் கட்டை வைத்த மாதிரி லீவர் திரும்ப முடியாமல் நிற்கிறது. அன்று சுவரில் மோதிய அதிர்ச்சியில் விலகியிருக்கும், அதனால்தான் சோதித்தவருக்குத் தெரியவில்லை என்கிறார். "கிளட்ச் மாத்தறப்பவே பாத்தேம்மா. உங்க சாமி முடிச்சு, நம்ம கை படக்கூடாதுன்னு ஓரமா ஒதுக்கி வுட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். போனில் படம் எடுக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். அம்மா தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவிழ்த்து என் கையில் வைத்ததும் அம்மா எழுந்து வந்துவிட்டாள். "எம்புள்ள தூரப் போடல பாத்தியா கோகிலா! உள்ளாற பத்தரமாக் கட்டி வெச்சிருக்கான். இன்னைக்கு நம்ம உசுரக் காப்பாத்துனது இதுதான்" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் அம்மா சிரித்ததைப் பார்த்தேன். நான் என்ன சொல்லட்டும்?

எங்கள் உயிரைக் காத்ததற்காக ஆடி முதல் வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலில் வேண்டுதலை முடிக்கப்போகிறாளாம். காசை உண்டியலில் போட்டுவிட்டுத் துணியைக் கற்பூரத்தில் கொளுத்துவது எங்கள் வழக்கம், உங்களுக்கே தெரியும். வக்கீலிடம் போனில் கேட்டேன். அந்த முடிச்சு கையில் இருந்தால் உங்களை வெளியே கொண்டுவர முடியும், ஆனால் கட்டியவள் கோர்ட்டுக்கு வந்து அது தன்னுடையது என்று சொல்ல வேண்டும் என்கிறார். நீ கட்டிய முடிச்சுதான் உன் மகனைக் கொன்றது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் அன்றைக்கே செத்துப்போவாள். சொல்லாவிட்டால் நீங்கள் உள்ளே கிடக்கிறீர்கள், அதுவும் ஒரு தப்பும் செய்யாமல். நான் உங்களை நம்பவில்லை மாமா. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இப்போது என்ன செய்வது என்று மட்டும் உடனே எழுதுங்கள்.

கோகிலா


சேலம் சிறை,
15 ஜூலை 2025

கோகிலா,

படித்ததும் முதலில் சிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். நான் கொல்லவில்லை என்று எனக்கே இப்போதுதான் நிச்சயமாகத் தெரிகிறது. நீ மாமா என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம் அருள் அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வருகிறேனா என்று பார்த்தபடி பானெட்டைத் திறந்திருப்பானே, அதை நினைத்தேன். நான் கத்தாமல் இருந்திருந்தால் அது கண்ணாடியிலேயே ஆடிக்கொண்டு இருந்திருக்கும். அழுதேன்.

நான் வெளியே வர வேண்டும் கோகிலா. பெரிய மனசு பண்ணி உள்ளேயே கிடக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அதற்கு வழி இருக்கிறது. ரொம்பச் சுலபமான வழி.

வேறொரு மஞ்சள் துணியில் ஒரு காசை முடி. ஜாவீத்திடம் கொடுத்துக் கிரீஸைத் தடவி, பழசு மாதிரி ஆக்கச் சொல். அத்தை பார்க்காத நேரத்தில் சாமி படத்துக்குக் கீழே அதை மாற்றி வைத்துவிடு. வெள்ளிக்கிழமை அத்தை அதைக் கோயிலில் செலுத்தி மனசு குளிரட்டும். நிஜமான முடிச்சை வக்கீலிடம் சேர்த்துவிடு. யார் கட்டியது என்று கோர்ட்டில் கேட்டால் நான்தான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என் வண்டியில் நான் கட்டிய முடிச்சு, அதனால் வந்த விபத்து. கட்டியவன் நானே கோர்ட்டில் இருக்கும்போது அத்தை எதற்குப் படியேற வேண்டும்?

போன் பேச எனக்கு அடுத்த வாரம்தான் முறை வருகிறது. அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். வெள்ளிக்கு முன்னால் செய்துவிடு.

உன் மாமா


நல்லம்பள்ளி,
19 ஜூலை 2025

மாமா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை.

பயமாக இருந்தது. முடிச்சை வக்கீலிடம் கொடு, அம்மாவிடம் சொல்லிவிடு என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதைப் படித்துவிட்டால் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக எனக்குக் கால் வராது. அதனால் கடிதத்தை அரிசி டிரம்மில், சாவி கிடந்த இடத்திலேயே புதைத்து வைத்தேன். உடனே எழுதுங்கள் என்று கேட்டவளும் நான்தான். வந்ததைப் பிரிக்காதவளும் நான்தான்.

நேற்றுக் காலை அம்மா தலைக்குக் குளித்து, வண்டியிலேயே போகலாம் என்று தானாகச் சொன்னாள். நான்தான் ஓட்டினேன். காசை அவிழ்த்து உண்டியலில் போட்டாள். துணியைக் கற்பூரத்தட்டின் மேல் வைத்தாள். கிரீஸ் ஊறின துணி இல்லையா, சட்டென்று பற்றிக்கொண்டது. "எப்பிடி எரியுது பாரு. ஆத்தா ஏத்துக்கிட்டா" என்றாள். தடுக்க எனக்கு நேரம் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நின்றேன். சாம்பலைத் தொட்டு என் நெற்றியில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். ஒரு துணி, ஒரு காசு, கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதானே மாமா? மஞ்சள் துணி வீட்டிலேயே இருந்தது. ஜாவீத் அண்ணன் ஷெட் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. எனக்கு அது தோன்றவில்லை.

ஜாவீத் அண்ணன் கோர்ட்டுக்கு வந்து பார்த்ததைச் சொல்வதாகச் சொல்கிறார். பொருள் இல்லாமல் வெறும் வாய்வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று வக்கீல் போனை வைத்துவிட்டார். உங்கள் முறை வரும்போது என் நம்பருக்குப் போடுங்கள். முதல் மணியிலேயே எடுக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். கொன்னுடுவேன் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்துல்லாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாதான் சொல்லச் சொன்னாள். இப்போது வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எம்புள்ள சாமிய உள்ளாற வெச்சுக் கட்டுன வண்டி, அத விக்காத என்கிறாள்.

கோகிலா